அரிக்கன் லாம்பு அணையவில்லை, பெடியனுக்கு ஏன் தலை சுற்றியது?

கேள்வி: அச்சுவேலிப் பக்கம் மூன்று ஆட்களை வைத்துக் கிணறு இறைத்துச் சேறு அள்ளும் வேலை செய்கிறேன். ஆவணியில் தண்ணீர் கீழே போய்விட்டால் மேலே வைத்த வோட்டர் பம்ப் இழுக்காது. அதனால் கிணற்றுக்குள் பலகை கட்டி, மண்ணெண்ணெய் பம்பை இறக்கி ஓட்டுவோம். ஓடும்போது யாரும் உள்ளே நிற்பதில்லை, நிறுத்திவிட்டுத்தான் இறங்குவோம். போன மாதம் ஒரு 30 அடிக் கிணற்றில் இறங்கிப் பத்து நிமிடத்தில் ஒரு பெடியன் தலை சுற்றுகிறது என்று சொல்லிச் சத்தி எடுத்தான். கயிறு போட்டு ஏற்றிவிட்டோம். வெயில் குணம் என்று வீட்டுக்காரர் சொன்னார். இறங்க முதல் அரிக்கன் லாம்பை விட்டுப் பார்த்தோம், நன்றாக எரிந்தது. இது காற்றுப் பிரச்சினையா? இனி எப்படிச் செய்வது? ஏதும் நடந்தால் சட்டப்படி நானா பொறுப்பு?

பதில்: தம்பி, அதை வெயில் என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதிய விதத்தைப் பார்த்தால், எஞ்சின் புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டு (கார்பன் மொனொக்சைட்) என்ற நச்சு வாயுதான் அந்தப் பெடியனைப் பிடித்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். பத்து நிமிடத்தில் தலைச்சுற்றும் சத்தியும் வந்தால், இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் கால் துவண்டு அந்தச் சேற்றிலேயே விழுந்திருப்பான். அவன் வாய்விட்டுச் சொன்னதும் நீங்கள் உடனே ஏற்றியதும்தான் அவனைக் காப்பாற்றின.

லாம்பு எரிந்ததே என்கிறீர்கள். என் சின்ன வயதில் எங்கள் வளவுக் கிணறு இறைக்கும்போது அப்புவும் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆளை விடுவார். அந்தக் காலத்துக்கு அது சரியான சோதனை. மூடிக் கிடந்த கிணற்றில் மண்ணிலிருந்து வரும் காபனீரொட்சைட்டு (கார்பன் டையொக்சைட், இது வேறு வாயு) காற்றைவிடக் கனமானதால் அடியில் தங்கும், ஒட்சிசன் குறையும். சாதாரணக் காற்றில் ஒட்சிசன் ஏறக்குறைய 21 வீதம். அது 16, 17 வீதத்துக்கு இறங்கினால் சுடர் அணையும். ஆனால் துலா மிதித்தும் பட்டை கட்டியும் இறைத்த காலத்தில் கிணற்றுக்குள் எஞ்சின் இருக்கவில்லை. காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்ல ஒட்சிசன் குறையத் தேவையில்லை. பத்து இலட்சம் பங்கு காற்றில் 1600 பங்கு இருந்தாலே இருபது நிமிடத்துக்குள் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் வரும். ஒன்று, இரண்டு மணித்தியாலத்தில் உயிர் போகும். 12,800 பங்கு என்றால் ஒன்று முதல் மூன்று நிமிடம் போதும். அந்த அளவிலும் லாம்பு குறையில்லாமல் எரிந்துகொண்டிருக்கும். மூக்குக்கும் தெரியாது, ஏனென்றால் அந்த வாயுவுக்கு மணமோ நிறமோ இல்லை. அது இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மூச்சு ஒழுங்காக ஓடும்போதே ஆள் மயங்குகிறார். பம்ப் ஓடிய கிணற்றில் மண்ணெண்ணெய் சிந்தியிருந்தால், எரியும் லாம்பை இறக்குவதே தனி ஆபத்து.

நிறுத்திவிட்டுத்தான் இறங்குவோம் என்ற வரிதான் எனக்கு அதிகம் கவலை தந்தது. எஞ்சினை நிறுத்தினால் புதிய புகை வராது, அவ்வளவுதான். முதல் வந்த புகை எங்கே போகும்? 10 அடி அகலம், 30 அடி ஆழம் என்றால் உள்ளே இருப்பது சுமார் 65 கன மீட்டர் காற்று. இரண்டு சின்ன அறைகளுக்குள் அடங்கும் காற்று அது. கதவு, யன்னல் எல்லாம் சாத்திய அறையில் பம்பை ஓட்டிவிட்டு, நிறுத்திய கையோடு உள்ளே போய்ப் படுப்பீர்களா? கிணற்றுக்கு மேல்வாய் திறந்திருப்பதால் வெளிச்சம் வருகிறது, காற்று ஓடுகிறது என்ற எண்ணமும் வருகிறது. சுற்றிவரச் சுவர் இருக்கும்போது அடியில் காற்று அசையாது. காபனோரொட்சைட்டு காற்றின் எடையை ஒட்டியதுதான், தானாக மேலே கிளம்பிப் போய்விடாது. அரை மணித்தியாலம் பொறுத்தால் சரியா என்று கேட்டால், ஊதி வெளியேற்றாமல் அதற்கு நான் ஆம் சொல்ல மாட்டேன்.

அப்போ பம்பை ஏன் இறக்க வேண்டி வருகிறது என்பதைப் பார்ப்போம். பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் காற்றைக் குறைக்கிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தால் கணக்குப்படி 10 மீட்டருக்குச் சற்று மேல் வரைதான் தள்ள முடியும். குழாய் உராய்வு, மூட்டுக் கசிவு எல்லாம் போக, நடைமுறையில் 6, 7 மீட்டர், அதாவது 20 முதல் 23 அடி. வலிகாமத்தின் சுண்ணக்கல் நிலத்தில் கோடையில் நீர்மட்டம் அதற்குக் கீழே போகும் கிணறுகள் உண்டு. அங்கே பெரிய குதிரைவலு எஞ்சின் வாங்கி மேலே வைத்தாலும் ஏறாது. எஞ்சினை இறக்கும் பழக்கம் இதனால்தான் வந்தது. அதை விடச் சொன்னால் மாற்றும் சொல்ல வேண்டும்.

மாற்று, நீரில் மூழ்கும் மின்சாரப் பம்ப். அது தண்ணீரை அடியிலிருந்து தள்ளுவதால் அந்த 23 அடிக் கட்டுப்பாடு அதற்கில்லை, புகையும் இல்லை. சேற்றுத் தண்ணீர் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். தோட்டக் கிணற்றில் மின்சாரம் இல்லையென்றால் ஜெனரேட்டர் கொண்டுபோகலாம். ஆனால் அதுவும் எஞ்சின்தான். கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் புகை கிணற்றுக்குள்ளேதான் இறங்கும். நீண்ட வயரோடு, காற்று புகையைக் கிணற்றை விட்டு அப்பால் கொண்டுபோகும் பக்கமாக, தூரத்தில் வையுங்கள். ஆவணியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும்போது கிணற்றுக்கு வடகிழக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஜெட் பம்ப் என்று மேலே நின்று இரண்டு குழாயை இறக்கி இழுக்கும் வகையும் உண்டு. நல்ல தண்ணீர் இறைக்க அது போதும், சேறு வந்தால் அதன் உள்வாய் அடைத்துவிடும்.

மின்சாரம் வந்ததும் வேறு பயம் வரும். 230 வோல்ட் வயர், நனைந்த ஆள், முழங்கால் அளவு தண்ணீர். ஆகவே 30 மில்லி அம்பியர் மின் கசிவுக்கே விழும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் பம்பைப் பூட்டாதீர்கள். இறக்க முதல் அதன் சோதனைப் (test) பொத்தானை அமத்திப் பாருங்கள், விழ வேண்டும். ஒட்டுப்போட்டு ரேப் சுற்றிய வயர் கிணற்றுக்குள் போகவே கூடாது. எவ்வளவு நல்ல ட்ரிப் சுவிட்ச் இருந்தாலும், ஆள் இறங்கும்போது பிளக்கைக் கழற்றி, கழற்றியவர் கையிலேயே வைத்திருக்க வேண்டும். ஊற்று ஊறிக்கொண்டேயிருக்கும், பம்பை நிறுத்தினால் எப்படிச் சேறு அள்ளுவது என்று கேட்பீர்கள். தவணை தவணையாகத்தான் செய்ய வேண்டும்: இறையுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள், பதினைந்து, இருபது நிமிடம் அள்ளுங்கள், ஆள் மேலே வந்த பிறகு திரும்ப இறையுங்கள். அரை நாள் கூடப் பிடிக்கும். அந்த அரை நாள் கூலியை வீட்டுக்காரரிடம் முதலே பேசிக்கொள்ளுங்கள்.

காற்றைப் பொறுத்தவரை, எஞ்சின் இறக்காத கிணற்றையும் சும்மா நம்பக் கூடாது, மூடிபோட்டு வருடக்கணக்கில் கிடந்த கிணற்றை நம்பவே கூடாது. மின்சார ஊதுவிசிறி ஒன்றும் அடிவரை போகும் அகலக் குழாயும் வாங்குங்கள். மணித்தியாலத்துக்கு 300 கன மீட்டர் ஊதும் விசிறி, உங்கள் 65 கன மீட்டர் கிணற்றுக் காற்றை ஒருமுறை மாற்றப் பதின்மூன்று நிமிடம் எடுக்கும். ஆனால் காற்று கலந்து கலந்துதான் வெளியேறும். ஒருமுறை மாற்றம் போதாது. குறைந்தது அரை மணித்தியாலம் ஊதிவிட்டு இறங்குங்கள், ஆள் உள்ளே நிற்கும்வரை ஊதிக்கொண்டே இருங்கள். மேலிருந்து உறிஞ்சாமல், அடியில் நல்ல காற்றை விடுங்கள். வேப்பங்குழையைக் கட்டி ஏற்றி இறக்குவதும், வாளியால் தண்ணீர் ஊற்றுவதும் காற்றைக் கொஞ்சம் கலக்கும். அதை மட்டும் நம்பி ஆளை இறக்குவது சரியில்லை.

நாலு வாயு பார்க்கும் கைக்கருவி ஒன்றும் இருக்கிறது: ஒட்சிசன், காபனோரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு, தீப்பற்றும் வாயு. விலை கூடியதுதான். இதே தொழிலில் உள்ள இரண்டு, மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாறி மாறிப் பாவியுங்கள். கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் பாருங்கள். ஒட்சிசன் 19.5 வீதத்துக்குக் கீழே என்றால் இறங்கக் கூடாது. மலக்குழி பக்கத்தில் இருக்கும் கிணற்றில் கூமுட்டை மணம் வந்து, பிறகு அது நின்றுவிட்டால் காற்று நல்லாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஐதரசன் சல்பைட்டு கூடினால் மூக்கின் மண உணர்வையே மழுக்கிவிடும்.

இனிச் சொல்வதை உங்கள் மூன்று பேருக்கும் வாசித்துக் காட்டுங்கள். கீழே ஒருவர் விழுந்தால் பின்னால் குதிக்கக் கூடாது. அடைத்த இடங்களில் நடக்கும் மரணங்களில் 60 வீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் 1986 இல் எழுதியது. தம்பிக்குப் பின்னால் அண்ணனும் அவனுக்குப் பின்னால் தகப்பனும் இறங்குவது பாசத்தால்தான், பொறுப்பில்லாமல் அல்ல. அதனால்தான் இறங்காமலே தூக்கும் வழி முதலே பூட்டியிருக்க வேண்டும். இடுப்பில் கட்டும் கயிறு துவண்ட ஆளின் மார்புக்கு ஏறி மூச்சை அடைக்கும், இல்லாவிட்டால் உருவி விழும். தோளும் தொடையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வேண்டும். அதன் கயிறு முதுகுப் பக்கம் பூட்டியபடி மேலே வரை இருக்க வேண்டும். சேறோடு நனைந்த 70 கிலோ ஆளை இரண்டு பேர் வெறுங்கையால் இழுக்க முடியாது. நாலு கயிறு ஓடும் கப்பித் தொகுதியும் உறுதியான முக்காலியும் இருந்தால், உராய்வையும் சேர்த்து ஒருவரே இழுக்கலாம். வாளிக்குப் போட்ட பழைய கப்பியில் ஆளைத் தொங்கவிடாதீர்கள். மேலே இருவர், அதில் ஒருவர் கிணற்றுக்கட்டை விட்டு நகரக் கூடாது, தேத்தண்ணி குடிக்கவும் போகக் கூடாது. நிமிடத்துக்கு ஒருமுறை பேச்சுக் கொடுக்க வேண்டும். பதில் குழறினால் காரணம் கேட்டுக்கொண்டிருக்காமல் இழுக்க வேண்டும்.

ஏற்றியதும் 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வைத்தியசாலையில் எஞ்சின் புகை இருந்த கிணறு என்று கட்டாயம் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி காபனோரொட்சைட்டையும் ஒட்சிசன் என்றே கணக்கெடுத்து 98, 99 காட்டும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். சாதாரணக் காற்றில் அந்த நஞ்சு பாதியாகக் குறைய நாலைந்து மணித்தியாலம் ஆகும், முகமூடியில் சுத்த ஒட்சிசன் கொடுத்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் பாதியாகும்.

சட்டத்துக்கு வருவோம். ஆம், நீங்கள்தான் பொறுப்பு. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலையால், வேலையின்போது ஏற்படும் விபத்துக்கு வேலை கொடுப்பவர் நட்டஈடு கொடுக்க வேண்டும். நாட்கூலி என்பது தப்பும் வழி இல்லை. கிணறு இறைப்பது உங்கள் தொழில், அவர்கள் அந்தத் தொழிலுக்காகவே உங்களிடம் வேலை செய்கிறார்கள். மரணம் நடந்தால், குடும்பத்தின் கையில் ஏதோ கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் முடிந்துவிடாது. நட்டஈட்டுப் பணம் ஆணையாளரிடம் கட்டப்பட வேண்டும். இந்தப் பொறுப்புக்குக் காப்புறுதி எடுக்கலாம், எடுங்கள். நீங்கள் பெடியன் என்று எழுதியதால் வயதையும் கேட்கிறேன். இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021 இல் 16 ஆனது, ஆபத்தான வேலைகளுக்கு 18 ஆக வேண்டும். 18 ஆகாதவன் என்றால் அவன் மேலே நின்றும் இந்த வேலை செய்ய வேண்டாம்.

பம்ப் வாங்குவதற்கும் முதல் அவனைப் போய்ப் பாருங்கள். காபனோரொட்சைட்டு பிடித்தவர் தேறிவிட்டார் என்று இருக்கும்போதே, சில நாட்கள் அல்லது சில கிழமைகள் கழித்து மறதி, காரணமில்லாத கோபம், நடையில் தள்ளாட்டம் வருவதுண்டு. அப்படி ஏதும் கண்டால், தலையிடி விடாமல் இருந்தால், கிணற்றில் நடந்ததைச் சொல்லி யாழ். போதனா வைத்தியசாலையில் காட்டுங்கள். அந்த நாளின் கூலியையும் பிடிக்காமல் கொடுத்துவிடுங்கள்.