பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் கடவுளின் மன்னிப்பைச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குக் கடவுளின் மன்னிப்பைப் பயமுறுத்தாமல் எப்படிச் சொல்வது, கத்தோலிக்கக் கோவில் பூசையில் (திருப்பலியில்) முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்காமல் சந்தோஷமாகப் பங்கெடுக்க வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் ஞாயிறு மறைக்கல்வி படிப்பிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் ஒரே பாடம்தான். பிரித்துப் படிப்பித்தால் முதலாவது மிரட்டலாகிவிடும், இரண்டாவது கைதட்டலோடு நின்றுவிடும்.

முதலில் வீட்டில் "சாமி கண்ணைக் குத்தும்" என்பதை நிறுத்துங்கள். சைவ வீடு, வேதக்கார வீடு என்ற வித்தியாசமில்லாமல் எங்கள் ஊர் அம்மம்மாக்கள் எல்லாரும் சொல்வதுதான், சோறு ஊட்டுகிற அவசரத்தில் வாயில் வந்துவிடும். ஆனால் கிழமை முழுக்கக் கண்ணைக் குத்த நின்ற கடவுள் ஞாயிறு காலையில் கட்டியணைக்கிற தகப்பனாக மாறினால் பிள்ளை எதைத்தான் நம்பும்?

அப்புறம், பூசையின் ஒழுங்கையே பாடமாக்குங்கள். தொடக்கத்தில் பாவத்தை ஏற்றுக்கொண்டு "என் பாவமே" என்று நெஞ்சில் தட்டுகிறோம் (சின்னப் பொடியன்கள் மேளம் மாதிரி அடிப்பார்கள், அடிக்கட்டும்), குருவானவர் மன்னிப்புக்காகச் செபிக்கிறார், "ஆண்டவரே இரக்கமாயிரும்" முடிந்த கையோடு வானவர் கீதம் என்ற மகிழ்ச்சிப் பாட்டு தொடங்கிவிடுகிறது. அழுவதற்கு நேரமே தருவதில்லை பாருங்கள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தி வருகிற தவக்கால ஞாயிறுகளில் அந்தக் கீதத்தைப் பாடுவதில்லை. அதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள், "இண்டைக்கு என்ன குறையுது?" என்று கேட்டு அவர்களே பிடிக்கட்டும். பெரிய வியாழன் மாலை மணியடித்து ஒருமுறை பாடிவிட்டு, பிறகு மணியும் அடங்கிவிடும். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பாஸ்கா இரவில் மணிகள் ஒலிக்க அந்தக் கீதம் திரும்பி வரும்போது, அதற்காகக் காத்திருந்த பிள்ளைக்கு மகிழ்ச்சி என்றால் என்ன என்று நாங்கள் விளக்கத் தேவையே இல்லை. நித்திரை கொள்ளும் என்று அந்தப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் விடுவதுதான் எனக்குப் பெரிய மனவருத்தம்.

கதை என்று வந்தால் லூக்கா 15ஆம் அதிகாரம் போதும். காணாமல்போன ஆடு, காசு, மகன், மூன்றும் விருந்திலோ சந்தோஷத்திலோதான் முடிகின்றன. தகப்பனின் சொத்தில் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்பி வருகிற ஊதாரி மகன் கதையை மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். பன்றித் தொழுவத்தில் அவன் ஒரு பேச்சைத் தயார் செய்கிறான், "உமது கூலியாட்களில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்பதுதான் அதன் கடைசி வரி. வீட்டு வாசலில் அந்த வரியைச் சொல்ல அவனுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை, தகப்பன் அதற்குள் உடுப்பும் மோதிரமும் செருப்பும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். இரண்டு பேரை எழுப்பி நடிக்கவிட்டால் வகுப்பு இதைத் தானாகவே கண்டுபிடிக்கும். ஆனால் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும், வீட்டிலேயே இருந்து வேலை செய்து, தம்பிக்கு விருந்தா என்று கோபித்து வெளியே நிற்கிற மூத்தவன் பக்கம்தான் நிற்பார்கள். "அது அநியாயம் ரீச்சர், அவன்தானே வேலை செய்தவன்!" அந்தக் கோபத்தை அவசரப்பட்டு அணைக்க வேண்டாம். தகப்பன் அவனைத் தேடியும் வெளியே வருகிறார் என்பதை மட்டும் காட்டுங்கள். மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லவில்லை, நாங்கள் ஏன் முடித்து வைக்க வேண்டும்?

மன்னிப்பு என்றால் "சொறி" சொல்லித் தப்பிப்பது என்று நினைக்கிற வயதும் இதுதான். அதற்கு, இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி தண்டுபவன் சக்கேயுவைச் சொல்லுங்கள். மரத்திலிருந்து இறங்கி அவன் முதலில் சந்தோஷமாக இயேசுவை வரவேற்கிறான், ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. சந்தோஷம் வந்தவன் கொடுக்கிறான். ஆகவே எடுத்த அழிறப்பரைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் திருப்பிக் கொடுத்தால்தான் கடவுள் பார்ப்பார் என்று சொல்லாதீர்கள்.

முதல் நன்மைக்கு (முதன்முதல் நற்கருணை வாங்குவதற்கு) முன் வருகிற பாவசங்கீர்த்தனம்தான், அதாவது குருவானவரிடம் பாவங்களைச் சொல்வதுதான், பிள்ளைகளை நடுங்க வைக்கிறது. 1910இல் பத்தாம் பியுஸ் பாப்பரசர் ஏழு வயதளவிலேயே பிள்ளைகளுக்கு நன்மை கொடுக்கச் சொன்னார், அந்த வயதுக்கு ஏற்ற மாதிரித்தான் நாங்களும் பேச வேண்டும். பெரிய பாவப் பட்டியலை விடுங்கள். பிள்ளைக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது, குருவானவர் அம்மாவிடம் சொல்லமாட்டார் என்பது. எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம், மீறினால் அவருக்கே மிகப் பெரிய தண்டனை. வெளியே வந்த பிள்ளையிடம் "என்ன சொன்னனீ?" என்று நீங்களும் கேட்காதீர்கள். நேரே ஐஸ்கிறீம் கடைக்குக் கூட்டிப் போங்கள். இதைச் சிலர் லஞ்சம் என்பார்கள், திரும்பி வந்த ஊதாரி மகனுக்காகக் கொழுத்த கன்றை அடித்த தகப்பனையும் அவர்கள் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் ஒரு கேள்வியோடு வருவார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் இறந்ததை அவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள், 2012 வரை மட்டக்களப்பும் எங்கள் மறைமாவட்டத்தில்தான் இருந்தது, அது எங்களுக்குத் தூரத்துச் செய்தி இல்லை. "குண்டு வெடிக்க வைச்ச ஆக்களையும் மன்னிக்க வேணுமா?" சட்டென்று "ஓம்" சொல்லாதீர்கள், பிள்ளையை இழந்த தாய் சார்பில் நாங்கள் பதில் சொல்ல முடியாது. சிலுவையில் இயேசு மன்னிப்புக் கேட்டது தமக்காக அல்ல, தம்மைக் கொன்றவர்களுக்காக என்று சொல்லலாம். மன்னித்தோம் என்று 2020இல் சொன்ன கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையே உண்மையும் நீதியும் வேண்டும் என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்றும் சொல்லலாம். கூடவே, குண்டு வைத்தவர்கள் இஸ்லாமியத் தீவிரவாதிகள் என்பதற்காக, பக்கத்து வாங்கில் இருக்கிற முஸ்லிம் பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அந்தப் பிள்ளையிடம் மன்னிக்க ஒன்றுமே இல்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

கைதட்டாத, பாடாத பிள்ளையை முழங்கையால் இடிக்காதீர்கள். சில பிள்ளைகள் வாயைத் திறக்காமல் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது முழுப் பாட்டையும் பாடும்.