கனடாக் காட்டுக்கு இங்கிருந்து ஸ்ப்ரே கொண்டுபோகலாமா?

கேள்வி: ஆகஸ்டில் ஸ்காபரோவில் இருக்கும் மகளிடம் போகிறோம். மருமகன் அல்கொன்குயின் பூங்காவில் நடக்கவும் ஓர் இரவு கூடாரத்தில் தங்கவும் ஒழுங்கு செய்திருக்கிறார். பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள். அங்கே கருங்கரடி உண்டாம். இங்கே ஒன்லைனில் விற்கும் சின்ன மிளகு ஸ்ப்ரே இரண்டு வாங்கிக்கொண்டு போகலாமா? பையில் கட்டும் கரடி மணியும் வாங்கவா?
– வாசகி, கொக்குவில்

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். மனிதருக்கு எதிராகப் பாவிக்கச் செய்த மிளகு ஸ்ப்ரே கனடாவில் தடைசெய்யப்பட்ட ஆயுதம். பெட்டியில் அது அகப்பட்டால், பேரப்பிள்ளைகளைப் பார்க்க முதல் சுங்க அதிகாரிகளுக்குத்தான் பதில் சொல்ல வேண்டிவரும். மணிச்சத்தத்துக்குக் கரடி விலகும் என்று நம்பமுடியாது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து சத்தமாகக் கதைத்துக்கொண்டு நடப்பதே மேல்.

கரடி ஸ்ப்ரே வேறு சாமான், கரடியை விரட்டவென்றே செய்த மிளகு ஸ்ப்ரே. அதை அங்கேயே, முகாம் பொருட்கள் விற்கும் கடையில் மருமகன் வாங்கட்டும். காலாவதித் திகதியைப் பார்த்து, இடுப்பில் மாட்டும் உறையோடு வாங்கச் சொல்லுங்கள். முதுகுப்பைக்குள் கிடந்தால் அவசரத்துக்கு உதவாது. பூட்டுக் கிளிப்பைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் விசை அமுங்கும். அதை எப்படிக் கழற்றுவது என்று கடையிலேயே கேட்டுப் பழகுங்கள். கரடி சில மீற்றர் கிட்ட நெருங்கினால் மட்டும் அதன் முகத்துக்கு முன்னால், சற்றுத் தாழ்வாக அடிக்க வேண்டும். நுளம்பு மருந்து மாதிரி உடம்பிலோ கூடாரத்திலோ பூசுகிறவர்களும் உண்டு. அது பலன் தராது, அந்த மணமே கரடியை இழுக்கக்கூடும்.

ஆனால் உண்மையில் காசு போக வேண்டியது சாப்பாட்டைப் பாதுகாக்கும் இடத்துக்கு. கரடியை மனிதரிடம் கொண்டுவருவது பெரும்பாலும் சாப்பாட்டு மணம். நீங்கள் கொண்டுபோகும் பருத்தித்துறை வடை, கருவாடு, மிளகாய்த்தூள் மட்டுமல்ல, பற்பசை, சவர்க்காரம், குழந்தையின் ஈரத்துடைப்பான்கூடக் கூடாரத்துக்குள் இருக்கக்கூடாது. காரோடு தங்கும் இடமென்றால் எல்லாவற்றையும் கார் டிக்கிக்குள் வைத்துப் பூட்டுங்கள். படகில் உள்ளே போய்த் தங்குவதென்றால், மூடி இறுகப் பூட்டும் சாப்பாட்டுப் பீப்பாயை வாடகைக்கு எடுக்கலாம், புதிதாக வாங்கத் தேவையில்லை. அதையும் கூடாரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

சரி, கரடி எதிரே வந்துவிட்டால்? ஓடாதீர்கள், மரத்தில் ஏறாதீர்கள். கருங்கரடி உங்களைவிட வேகமாக ஓடும், வடிவாக மரமும் ஏறும். பிள்ளைகளைக் கிட்ட இழுத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். நிலத்தில் அறைந்து, பல்லைக் கடித்து, மூச்சைச் சீறினால் அது பயத்தில் உங்களை விலகச் சொல்கிறது. சத்தமில்லாமல் பின்தொடர்ந்து வருவதுதான் ஆபத்து. அப்போது உரக்கக் கத்துங்கள், கல்லெறியுங்கள், ஸ்ப்ரேயைக் கையில் எடுங்கள். மேலே பாய்ந்தால் செத்தவர்போல் கிடக்க வேண்டாம், மூக்கிலும் முகத்திலும் அடித்துப் போராடுங்கள். செத்தவர்போல் கிடப்பது, தற்காப்புக்காகத் தாக்கும் கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடிக்குச் சொல்லும் புத்தி. அல்கொன்குயின் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் கிரிஸ்லி இல்லை.

திரும்பும்போது மிஞ்சிய ஸ்ப்ரேயை மகள் வீட்டில் விட்டுவிடுங்கள். கைப்பையிலும் சரி, சரக்குப்பெட்டியிலும் சரி, விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் போட்டு வைக்கக்கூடாது, சூட்டில் வெடிக்கும்.