டிசம்பர் 7-க்குப் பக்கத்தில் ஒரு 8

வணக்கம் அம்மா.

வரலாறுதான் படிப்பேன் என்று நிற்கிற உங்கள் மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்கப் போன சனிக்கிழமை என்னிடம் வந்தபோது, பையிலிருந்து அவளுடைய மாதக் காலண்டரை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தீர்கள். "டிசம்பர்னா அரையாண்டுப் பரீட்சை சார். இவ என்னத்தைக் குறிச்சு வச்சிருக்கா பாருங்க" என்றீர்கள். "சொன்னா கேக்கவே மாட்டா, சரியான எம்டன்" என்றும் சொன்னீர்கள். வெளியே அடுத்த குடும்பம் காத்திருந்ததால் அன்று உங்களிடம் நிதானமாகப் பேச முடியவில்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த எம்டன் என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் கப்பலின் பெயர் அது. அதே ஆண்டு நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் அதை அடித்து முடக்கிவிட்டது. கப்பல் போனாலும் பெயர் நம் வாயில் தங்கிவிட்டது. காலண்டரில் நவம்பர் 9-ஆம் தேதிக் கட்டத்தில் உங்கள் மகள் ஒரு குட்டிக் கப்பல் வரைந்திருக்கிறாள். நீங்கள் திட்டுகிற சொல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மற்ற தேதிகளையும் பார்த்தேன். நவம்பர் 18, லடாக்கில் சீனப் படையோடு நடந்த ரெசாங் லா சண்டை, 1962. டிசம்பர் 4, 1971 போரில் கராச்சித் துறைமுகத்தின் மேல் நம் கடற்படை நடத்திய தாக்குதல். டிசம்பர் 16, அதே போரில் டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாசி சரணடைந்த நாள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் பலரும் இவற்றை ஒப்பிப்பார்கள். தேதிகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. அவளிடம் இருந்தது இது மட்டும்தான் என்றால் நானும் உங்கள் பக்கம் நின்று, "பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளம்மா" என்று சொல்லியிருப்பேன்.

என்னை நிறுத்தியது டிசம்பர் 7-ஆம் தேதிக் கட்டம். சிவப்பு மையில் 'பேர்ல் ஹார்பர், 1941' என்று எழுதி, அங்கிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு ஓர் அம்பு போட்டு, 'கோத்தா பாரு 8? எது முதல்?' என்று பென்சிலில் எழுதியிருக்கிறாள்.

அம்மா, அந்தக் கேள்விக்குறி சாதாரணமானதல்ல. ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கியது டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டிய நேரம். ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரில் ஜப்பானியரின் முதல் குண்டு விழுந்தது அதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான். ஆனால் ஹவாயில் அப்போது தேதி 7. காலண்டரைப் பார்த்தால் முந்தியது பிந்தியதாகத் தெரியும். கோத்தா பாருக் கடற்கரையைக் காத்து நின்றவர்கள் இந்தியச் சிப்பாய்கள், டோக்ரா படைப்பிரிவினர். பிறகு மலாயா விழுந்தது. அங்கே தோட்டங்களில் வேலை செய்த நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டு மாண்டார்கள். அப்படியிருந்தும் உலகம் 7-ஐத்தான் நினைவில் வைத்திருக்கிறது. ஏன் என்று கேட்கத் தொடங்குகிற இடத்தில்தான் வரலாறு என்ற படிப்பே தொடங்குகிறது. இந்த வயதில் அந்த இடத்துக்குத் தானாக வந்து நிற்கிற பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

நீங்களே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். 1918 நவம்பர் 11 அன்று முதல் உலகப்போரை நிறுத்தும் ஒப்பந்தம் விடிகாலை 5 மணி சுமாருக்குக் கையெழுத்தானது. துப்பாக்கிகள் ஓய்ந்தது காலை 11 மணிக்கு. அந்த இடைவெளியிலும் ஆட்கள் செத்தார்கள். ஹென்றி கன்தர் என்ற அமெரிக்கச் சிப்பாய் ஒரே ஒரு நிமிடம் பாக்கி இருந்தபோது சுடப்பட்டார். "எதுக்கும்மா அந்த ஆறு மணி நேரம்?" என்று சாப்பிடும்போது கேளுங்கள். அவள் தட்டை மறந்துவிட்டு யோசித்தால், அல்லது உங்களிடமே நாலு கேள்வி திருப்பிக் கேட்டால், இந்த ஆர்வத்தை நம்பலாம்.

சரி, வேலைக்கு வருவோம். வரலாறு படித்தால் வேலை கிடைக்குமா என்ற உங்கள் பயம் நியாயமானது. பி.ஏ. வரலாற்றோடு மட்டும் நின்றுவிட்டால் வேலை கிடைப்பது கஷ்டம், அதை மறைத்துப் பேச மாட்டேன். கூடவே இன்னொரு திறமை வேண்டும். அவளுக்கு நான் முதலில் சொல்வது ஒரு அயல்மொழி. ஜெர்மனோ ஜப்பானியமோ தெரிந்த வரலாற்று மாணவர், பிறர் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் மூல ஆவணத்தையே படிப்பார். மொழி தனியாகவும் சோறு போடும். ஆவணக் காப்பகப் பணியில் விருப்பம் இருந்தால் டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் பட்டயப் படிப்பு இருக்கிறது. பாதுகாப்பு, வெளியுறவு பக்கம் போக நினைத்தால் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே அதற்கென்று தனித் துறை உண்டு. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ ஆசிரியர் வேலைக்கு முதுகலையும் பி.எட்.டும் முடித்துத் தேர்வு எழுத வேண்டும். குடிமைப் பணித் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சீருடை போடத்தான் ஆசையா என்பதையும் கேட்டுவிடுங்கள். போரைப் படிப்பது வேறு ஆசை, படையில் சேர்வது வேறு ஆசை. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் போய்ச் சேர்ந்து திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படைதான் என்றால் தேசியப் பாதுகாப்பு அகாதமித் தேர்வைப் பெண்களும் எழுதலாம், 2021-லிருந்து அந்தக் கதவு திறந்திருக்கிறது. கணிதத்துக்கு 300, பொது அறிவுத் தாளுக்கு 600, நேர்முகத் தேர்வுக்கு 900 மதிப்பெண். தரைப்படைக்குப் பிளஸ் டூவில் எந்தப் பிரிவும் சரி. கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம். அதனால் இப்போது ஃபர்ஸ்ட் குரூப்பை விட வேண்டாம் என்று நான் சொன்னதாகவே அவளிடம் சொல்லுங்கள். அதை முடித்துவிட்டுத் தாராளமாக பி.ஏ. சேரலாம், எந்தத் தடையும் இல்லை.

அப்புறம் ஒன்று. அரையாண்டு விடுமுறையில் அவளை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு ஒருநாள் அழைத்துப் போங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இறந்த 800-க்கும் மேற்பட்டவர்களின் கற்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலான கற்களில் வயதும் செதுக்கியிருக்கும். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்துவிட்டு நீங்கள் மரநிழலில் உட்கார்ந்துகொள்ளுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். அடுத்த முறை அவளையும் கூட்டி வாருங்கள், அந்த நோட்டும் கூடவே வரட்டும்.