தோசை மாவு விற்க 2,000 வெள்ளி அறிக்கை வேண்டுமா?

கேள்வி: நான் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) வசிக்கிறேன். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த என் கணவர் ஓய்வு பெற்றுவிட்டதால், வீட்டிலேயே தோசை மாவு அரைத்துப் பாக்கெட்டுகளில் விற்க எண்ணியுள்ளேன். சந்தை ஆய்வு அறிக்கை தயாரித்துத் தர ஒருவர் 2,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். அதை நம்பலாமா? நம்பகமான விவரங்கள் வேறு எங்கே கிடைக்கும்?

– வாசகி, பேராக்

பதில்: சகோதரி, எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை பேரிடம், என்ன கேட்டு விவரம் திரட்டப் போகிறார் என்று முதலில் அவரிடம் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் பணம் கொடுக்காதீர்கள்.

மக்கள்தொகை விவரங்களை மலேசியப் புள்ளிவிவரத் துறை தன் ஓப்பன்டோசம் இணையத்தளத்தில் இலவசமாகவே தருகிறது. அங்குள்ள ‘காவாசான்கு’ பகுதியில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைத் தொகுதிவாரியாகப் பார்க்கலாம். கோலகங்சார் மாவட்டம் என்று தேடினால் அரச நகரமான கோலகங்சாரும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியையோ அதற்குள் அடங்கிய லிந்தாங், ஜாலோங் சட்டமன்றத் தொகுதிகளையோ பாருங்கள். 2022 ஆய்வின்படி நாட்டின் இடைநிலைக் குடும்ப வருமானம் மாதம் 6,338 வெள்ளி; அதாவது பாதிக் குடும்பங்களின் வருமானம் இதற்குக் கீழே, பாதி இதற்கு மேலே. கோலாலம்பூர்க் குடும்பங்களையும் சேர்த்த இந்த எண்ணைக் கொண்டு உங்கள் தாமானில் விலை நிர்ணயித்துவிடாதீர்கள். தோட்டத்து லயங்களில் இருப்பவர்களை அப்படியே வாடிக்கையாளராக எண்ணுவதும் சரியல்ல. நம்மவர் பலர் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர், இன்று தோட்ட வேலையில் அயல்நாட்டுத் தொழிலாளர்களும் நிறைய இருக்கிறார்கள்.

ஆனால் வாரத்துக்கு எத்தனை பாக்கெட் மாவு விலைபோகிறது என்பதை எந்தத் துறையும் உங்களுக்காக எண்ணித் தராது; அதை நீங்களேதான் எண்ண வேண்டும். வழக்கமாகச் செல்லும் மளிகைக் கடையில் அனுமதி கேட்டு, சனிக்கிழமை மாலை குளிர்பெட்டியில் எத்தனை பாக்கெட் இருக்கிறது, திங்கட்கிழமை காலை எத்தனை மிஞ்சியிருக்கிறது, இடையில் புதிதாக எத்தனை வந்தது, புளித்துப் பொங்கியதால் எத்தனையைத் திருப்பி அனுப்பினார்கள் என்று நான்கு வாரங்கள் குறித்துவாருங்கள். புரட்டாசியிலும் தீபாவளியை ஒட்டிய நாட்களிலும் எண்ணினால் கணக்கு வழக்கத்துக்கு மாறாக இருக்கும்.

அக்கம்பக்கத்தாரிடம் “நான் விற்றால் வாங்குவீர்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல நம் மக்களுக்கு மனம் வராது. என் உறவினர் ஒருவர் முறுக்கு வியாபாரத்துக்கு முன் ஏறக்குறைய 40 வீடுகளில் இப்படிக் கேட்டு, எல்லாரும் தலையாட்டியதை நம்பி மாவும் எண்ணெயும் வாங்கிக் குவித்தார். இரண்டாம் மாதமே நிறுத்திவிட்டார். அந்த வருத்தத்தை அருகிலிருந்து பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். “போன வாரம் மாவு வாங்கினீர்களா, வீட்டில் அரைத்தீர்களா? எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள்?” என்று நடந்ததைக் கேளுங்கள். பிறகு இருபது பாக்கெட்டுக்கு முன்பணம் வாங்கிப் பாருங்கள்.

போட்டியாளர் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனமாக இருந்தால், அது எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் தாக்கல் செய்த ஆவணங்களைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். தனிநபர் வியாபாரமாக இருந்தால் அத்தகைய கணக்கு கிடைக்காது.

நான்கு வாரக் குறிப்பு கையில் இருக்கும்போது மீண்டும் எழுதுங்கள். விலையை எப்படி வைப்பது என்று அப்போது பார்ப்போம்.