செவ்வாய்க்குப் போகும் எட்டு மாதம்

அன்பின் ஐயா,

செவ்வாய்க்குப் போகும் ஆறு பேரைப் பற்றி ஒரு நாவல் எழுதுகிறேன். பயணம் எட்டு மாதம். வழியில் ஒன்றுமே நடக்காவிட்டால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார் என்கிறார்கள் நண்பர்கள். அதனால் கப்பல் விண்கல் கூட்டத்தில் மாட்டிக்கொள்வதாக ஒரு அத்தியாயம் வைத்தேன். அல்லது எல்லோரையும் உறைநிலையில் தூங்கவைத்துச் செவ்வாயில் எழுப்பிவிடலாமா? இதை யார் பதிப்பிப்பார்கள்?

ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்பின் தம்பி,

பதிப்பாளரை நாவல் முடிந்தபிறகு தேடலாம். தூங்கவைக்கும் யோசனை வேண்டாம். எழுதக் கஷ்டமான பகுதியிலிருந்து தப்புவதற்காகவே அதைக் கேட்கிறீர்கள்.

விண்கல் அத்தியாயத்தைக் கிழித்துப் போடுங்கள். நீங்கள் நினைக்கும் கற்கள் சுற்றும் சிறுகோள் பட்டை இருப்பது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில். பூமியிலிருந்து செவ்வாய்க்குப் போகிறவர் அந்தப் பக்கமே போவதில்லை. போனாலும் கற்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரம். 1972இல் புறப்பட்ட பயனியர் 10 விண்கலம் அதற்குள்ளால் பத்திரமாகவே கடந்தது. நாவல் எழுதுகிற பிள்ளை இதைத் தேடிப் பார்த்திருக்க வேண்டாமா?

சரி, "ஒன்றுமே நடக்காவிட்டால்" என்ற வரிக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் அப்பா மட்டக்களப்புப் படுவான்கரையில் வேளாண்மை செய்தவர். மார்கழி விடுமுறையில் யானைக்காவலுக்கு அவரோடு நானும் வயல் வாடிக்குப் போவேன். திரும்பி வந்தால் ஊரில் எல்லோரும் யானை வந்த கதையைத்தான் கேட்பார்கள். யானை வராத இரவுகள்தான் அநேகம். அப்பாவும் பக்கத்து வயல் வட்டைக்காரரும் முதலில் ஊர்க்கதை பேசுவார்கள். அது தீர்ந்ததும் வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிய பழைய சண்டை வெளியே வரும். பிறகு நாட்கணக்கில் பேச்சில்லை. ஆனாலும் நடுச்சாமத்தில் பக்கத்துக் காவல் பரணிலிருந்து அவர் கூப்பிடும் சத்தம் கேட்கும்வரை அப்பா படுக்க மாட்டார். பதிலுக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் பாயை விரிப்பார். காலையில் திரும்பவும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்பா எப்படிப்பட்ட மனிதர் என்று நான் அறிந்துகொண்டது அந்த இரவுகளில்தான். யானை வந்தால் எல்லோரும் ஒரே மாதிரித்தான் ஓடுவார்கள், கத்துவார்கள், வெடி போடுவார்கள். அதில் யார் எப்படிப்பட்டவர் என்று என்ன தெரியும்?

விண்வெளியிலும் இதுதான். 1982இல் சல்யூத் 7 என்ற சோவியத் விண்வெளி நிலையத்தில் பெரெசவோய், லெபெதெவ் என்ற இருவர் 211 நாள் இருந்தார்கள். என்ன ஆயிற்று என்று விளங்காமலே மனத்தாங்கலோடு ஒருவரையொருவர் பேசாமல் கடந்து போகிறோம் என்று லெபெதெவ் நாட்குறிப்பில் எழுதினார். அந்த மௌனத்துக்குள்தான் அவர்கள் செடி வளர்த்தார்கள். அது பூத்து விதையும் தந்தது. 2010இல் மொஸ்கோவில் ஆறு பேரைச் செவ்வாய்ப் பயணம் போலவே 520 நாள் ஓர் அடைத்த கூடத்தில் வைத்தார்கள். போகப் போக அவர்களின் நடமாட்டம் குறைந்தது. ஒருவருடைய உடலுக்கு ஒரு நாள் 25 மணி நேரமாகிவிட்டது. மற்றவர்கள் தூங்கும்போது அவர் விழித்திருந்தார். தம்பி, உங்களுக்கு இதைவிடப் பெரிய சாகசம் என்ன வேண்டும்?

இன்னொன்று. கப்பல் தூரம் போகப் போக வீட்டோடு பேசுவது மெல்ல மெல்ல முடியாமல் போகும். செவ்வாய் மிகத் தொலைவில் நிற்கும்போது ஒரு சொல் போய்ச் சேரவே 22 நிமிடமளவு. "சாப்பிட்டியா மகன்?" என்று அம்மா கேட்டால் பதில் வர முக்கால் மணி நேரம். எந்த மாதத்தில் அம்மா கேள்வி கேட்பதை நிறுத்துவார்? மகன் அதை எப்போது கவனிப்பான்? இதை எழுத உங்களுக்கு ஒரு விண்கல்லும் தேவையில்லை.

ஆறு பேர் என்கிறீர்கள். கடிதத்தில் ஒருவரைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை. யாருக்கு யாரோடு பேச்சில்லை? எலும்பும் தசையும் கரையாமலிருக்கத் தினமும் செய்ய வேண்டிய உடற்பயிற்சியை முதலில் கைவிடுவது யார்? அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருப்பது யார்? புறப்பாட்டையும் இறங்குவதையும் அப்புறம் பார்க்கலாம். ஐந்தாம் மாதத்தை முதலில் எழுதுங்கள், எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.