டனல் டிரைவரில் எம்டியு சோதனை: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: ஜிஆர்இ டனலின் (ஒரு பாக்கெட்டை இன்னொரு ஐபி பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் வழி) எம்டியு, அதாவது ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அதிகபட்ச பைட் அளவு, அதன் உச்ச வரம்பை 65535 என்றே வைத்துவிடலாமா?

பதில்: கூடாது. ஐபிவி4 ஹெடரில் (பாக்கெட்டின் தலைப்பகுதி) மொத்த நீளத்துக்கு இருப்பது 16 பிட். டனல் மேலே போர்த்தும் ஹெடரும் அந்த 65535-க்குள்தான் அடங்க வேண்டும். ஐபி 20 பைட், சாதாரண ஜிஆர்இ 4 பைட்; 24 போனால் மிச்சம் 65511. கீ (டனலை அடையாளம் காட்டும் எண்) சேர்த்தால் ஜிஆர்இ 8 பைட், வரம்பு 65507. ஈதர்நெட் ஃபிரேமைச் சுமக்கும் ஜிஆர்இடேப் என்றால் இன்னும் 14 கழியுங்கள். கழிக்காவிட்டால் நீள எண் 65535-ஐத் தாண்டிச் சுற்றி, சின்ன எண்ணாகப் பதிவாகும். பாக்கெட் வீண்தான்.

கேள்வி: பயனர் தந்த எம்டியுவிலிருந்து ஹெடரைக் கழித்துச் சோதித்தால்?

பதில்: 20 என்று தந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். குறியில்லாத (எதிர்ம எண் ஏற்காத) 32 பிட் மாறியில் 20-இலிருந்து 24-ஐக் கழித்தால் -4 வராது, 4294967292 என்ற மாபெரும் எண் வரும். அதனால் கழித்தல் எப்போதும் வரம்பின் பக்கமே இருக்கட்டும். பயனர் தந்த எண்ணைத் தொடாமல் ஒப்பிடுங்கள்.

கேள்வி: லினக்ஸ் 4.10 முதல் நெட்வொர்க் கோரே (எல்லா டிரைவர்களுக்கும் பொதுவான கர்னல் பகுதி) குறைந்தபட்ச, அதிகபட்ச எம்டியுவைச் சோதிக்கிறதே. டிரைவரில் இருப்பதை நீக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், பிழைகள் அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான். கோர் சோதிப்பது டிரைவர் நிரப்பிய இரண்டு எண்களை மட்டும். ஈதர்நெட்டுக்கான பொதுத் தொடக்கச் செயலியை அழைத்தால் அவை 68, 1500 என்று அமையும். மாற்றி எழுத மறந்தால் ஜம்போ அளவுகள் (1500-க்கு மேற்பட்டவை) ஏறாது. அதிகபட்சத்தில் 0 போட்டால் கோரில் மேல் வரம்பே கிடையாது, எனவே டிரைவரின் சொந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். ஹெடர் அளவோ கீ, செக்சம் (பிழை காணும் கூட்டெண்) விருப்பங்களைப் படித்த பிறகுதான் தெரியும். அதற்குமுன் கணக்கிட்ட வரம்பு தப்பாகவே இருக்கும்.

இன்னொன்று முக்கியம். டனலை உருவாக்கும் கட்டளையிலேயே எம்டியு தந்தால், எம்டியு மாற்றும் செயலி அழைக்கப்படுவதில்லை. உருவாக்கும் வழியிலும் அதே வரம்பு வேண்டும். உருவாக்கும்போது ஒருமுறை, உருவான பின் ஒருமுறை 65535 தந்து, இரண்டு முறையும் கடைசியில் நின்ற எண்ணைப் பாருங்கள். பின்னால் மாற்றும்போது பிழை திருப்புவதே நல்லது. சத்தமில்லாமல் குறைத்தால், கேட்ட அளவு கிடைத்துவிட்டதாக நிர்வாகி நம்பிவிடுவார்.

கேள்வி: கீழ் வரம்பு 68 போதுமா?

பதில்: ஐபிவி4-க்குப் போதும். ஐபிவி6-க்கு 1280 வேண்டும். அதற்குக் கீழே இறக்கினால் லினக்ஸ் அந்த இடைமுகத்தில் ஐபிவி6-ஐ நீக்கிவிடும். திரும்ப உயர்த்தினாலும் கையால் போட்ட முகவரிகளை மறுபடி போட வேண்டும்.

கேள்வி: ஜிஆர்இ டனல் 9000-ஐ ஏற்றுக்கொண்டது, ஆனால் பெரிய கோப்புகள் பாதியில் நிற்கின்றனவே?

பதில்: நீளப் புலம் நிரம்பி வழியாது என்பதற்குத்தான் டிரைவர் பொறுப்பு. பாதை தாங்குமா என்பது வேறு கணக்கு. 1500 பாதையில் ஜிஆர்இக்கு 1476, ஐபிவி4 மேல் ஓடும் விஎக்ஸ்லேனுக்கு (யுடிபிக்குள் ஈதர்நெட் ஃபிரேமைச் சுமக்கும் இன்னொரு டனல்) 1450. துண்டாக்கத் தடை போட்டு, ஜிஆர்இ டனல் வழியே 1448 பைட் தரவுடன் பிங் செய்யுங்கள் (ஐபி, ஐசிஎம்பி ஹெடர்கள் 28 பைட் சேர்ந்தால் 1476). அது போய் 1449 போகாவிட்டால் 1476 சரி. சின்னவை போய்ப் பெரியவை மட்டும் தொலைந்தால், வழியில் ஏதோ ஃபயர்வால் ஐசிஎம்பி வகை 3, குறியீடு 4 செய்திகளை (‘பாக்கெட் பெரிது, துண்டாக்க வேண்டும்’ என்று அனுப்புநருக்குச் சொல்பவை) தடுக்கிறதா என்று பாருங்கள். அதைத் திறக்க முடியாதபோது டிசிபி எம்எஸ்எஸ்-ஐ (ஒரு டிசிபி பாக்கெட்டில் போகும் அதிகபட்சத் தரவு) 1436-க்கு இறக்குங்கள். யுடிபிக்கு அது உதவாது, டனல் எம்டியுவையே குறைக்க வேண்டும்.