பெற்றோர் கூட்டத்துக்கு வராதவர்கள்

கேள்வி: சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். மாணவர்களில் பெரும்பாலோர் வருமானம் குறைந்த ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். பெற்றோர் கூட்டத்துக்கு நாலைந்து பேர்தான் வருகிறார்கள். அக்கறையில்லாத மற்றவர்களை எப்படி வரவழைப்பது?

பதில்: வரவில்லை என்பது நீங்கள் கண்ணால் கண்டது. அக்கறையில்லை என்பது உங்கள் ஊகம். 2015இல் இதே தெற்குப் பகுதியில், மூடப்பட்ட டையெட் உயர்நிலைப் பள்ளியைத் திறக்கச் சொல்லிப் பெற்றோரும் ஊர்க்காரர்களும் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அடுத்த ஆண்டு பள்ளி திறந்தது. பிள்ளைகளின் படிப்புக்காகப் பட்டினி கிடந்த ஊர் அது.

வராததற்கு வேலை ஒரு காரணம். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் சட்டப்படி, 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் பிள்ளையின் பள்ளிக்குப் போய்வர ஆண்டுக்கு 8 மணி நேரம் விடுப்புத் தர வேண்டும். ஆனால் அந்த நேரத்துக்குச் சம்பளம் தரவேண்டிய கட்டாயம் இல்லை. மணிக்கணக்கில் கூலி வாங்குபவருக்கு இது எவ்வளவு உதவும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதைவிட ஆழமான காரணம் பயம். கறுப்பினப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோரின் குடும்பங்கள், பிள்ளைக்கு 18 வயது ஆவதற்குள் ஒரு முறையாவது, பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் வழிசெய்யக்கூடிய குழந்தைகள் நலத்துறையின் விசாரணைக்கு உள்ளாகின்றன என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பிள்ளை வீட்டில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகிறது என்ற சந்தேகம் வந்தால் அத்துறைக்குத் தகவல் தரச் சட்டப்படி கடமைப்பட்டவர்களில் ஆசிரியரும் ஒருவர். ஆகவே பள்ளியிலிருந்து போன் வந்தால் அந்தத் தாய்க்கு வயிற்றைக் கலக்குவதில் வியப்பில்லை. முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக் கதவைத் தட்டிவிடாதீர்கள்.

முதல் அழைப்பு நல்ல செய்திக்காக இருக்கட்டும். பிள்ளை எந்தக் கணக்கை எப்படிப் போட்டான் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். 'நன்றாகப் படிக்கிறான்' என்ற பொதுப் பாராட்டை யாரும் நம்புவதில்லை. பெரியவர்களை 'மிஸ்', 'மிஸ்டர்' சேர்த்துக் குடும்பப் பெயரால் அழையுங்கள். நிறவெறிக் காலத்தில் வெள்ளையர்கள் கறுப்பின முதியவர்களையும் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அந்த வடு இன்னும் ஆறவில்லை. எடுத்த எடுப்பில் 'அம்மா இருக்கிறார்களா' என்றும் கேட்க வேண்டாம். வளர்ப்பவர் பாட்டியாக, அத்தையாக இருக்கலாம்.

அடுத்து, திட்டவட்டமாக ஒன்றைக் கேளுங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் பொருளாதார அறிஞர் பீட்டர் பெர்க்மன் நடத்திய ஆய்வில், பிள்ளை எந்த வீட்டுப்பாடத்தைத் தரவில்லை என்று பக்க எண்ணோடு பெற்றோருக்குக் குறுஞ்செய்தி போனது. உயர்நிலை மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. அங்கே பெரும்பாலானவை லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் என்றாலும், விடுபட்ட பாடம் வீட்டுக்குத் தெரியாமல் போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். 'படிப்பில் கவனம் செலுத்தச் சொல்லுங்கள்' என்று மட்டும் எழுதினால் அந்தப் பெற்றோர் அதை வைத்து என்ன செய்வார்?

கூட்டத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். வீட்டு வேலை செய்த தாயின் மகனான கறுப்பின மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர், 1968இல் நியூஹேவன் நகரின் இரண்டு பள்ளிகளில் தொடங்கிய திட்டத்தில் பெற்றோரைப் பள்ளியின் முடிவெடுக்கும் குழுவிலேயே சேர்த்தார். யார்மீதும் பழி போடுவதில்லை என்பது அங்கே விதி. சிகாகோவிலும் 1988ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூர்ப் பள்ளிக் குழுக்களில் பெற்றோருக்குத் தேர்தல் வழியாக ஆறு இடங்களைத் தந்திருக்கிறது. உங்கள் பள்ளியில் அந்த இடங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று விசாரித்து, காலியாக இருந்தால் போனில் பேசும்போது தேர்தல் தேதியையும் சொல்லுங்கள். வெறும் மதிப்பெண் பட்டியலை வாங்கிப்போக அழைப்பதைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

தொடக்கத்தில் பலர் போனை எடுக்க மாட்டார்கள். முன்பணம் கட்டும் இணைப்புகளில் எண் அடிக்கடி மாறும். புதிய எண்ணைப் பிள்ளையிடம் கேட்பதற்கு முன், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவனுக்குச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தவறான எண்தான் கிடைக்கும்.